உயிரோடு இருந்தவருக்கு ஒரு துக்க ஜெபம்

பிப்ரவரி 28, சனி

...அதனால்தான் ஆண்டவரே, முழங்கால் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து உமக்கு எழுதுகிறேன். வாயைத் திறந்து உம்மிடம் பேச வெட்கமாக இருக்கிறது. நேற்று இந்த வாய் செய்த வேலைக்கு இதை ஊசி நூல் கொண்டு தைத்துப்போட வேண்டும். எழுதுவது என்றால் எனக்கு மெதுவாகத்தான் வரும், எட்டாம் வகுப்புப் படிப்புதானே. மெதுவாக வந்தால் உளறாது. இந்த டைரி என் தம்பி மகள் ஷெர்லினுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவளுக்கு இனி எதற்கு? மே மாதம் கல்யாணம் முடிந்ததும் டீச்சர் வேலையை விட்டுவிட்டு மஸ்கட் போய்விடுவாள். எனக்குச் சந்தோஷம்தான்.

நடந்தது உமக்குத் தெரியும். ஆனாலும் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

லெந்து என்கிற தவக்கால நாட்களில் எங்கள் பெண்கள் சங்கத்தார் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். நேற்று பாக்கியநாதன் அண்ணாச்சி வீடு. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதிர்த் தெருவில் இருக்கிறார். போன மாதம் நெஞ்சுவலி வந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். இருதயக் குழாயில் அடைப்பு, பைபாஸ் பண்ணியே ஆக வேண்டும், மார்ச் பன்னிரண்டாம் தேதி என்று நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்காக ஜெபிக்கத்தான் போனோம். அவர் மனைவி லீதியாள் மைனி நடுவீட்டில் பாய் விரித்திருந்தார். அண்ணாச்சியும் சாய்வு நாற்காலியில் எங்களோடுதான் இருந்தார். பாட்டுப் பாடி முடிந்ததும் சங்கத் தலைவி பியூலா அக்கா, "அன்னாளு, நீயே ஜெபி" என்றார். எப்போதும் நான்தானே. ஊரில் என்னைச் சும்மா அன்னாள் என்று யார் சொல்கிறார்கள்? ஜெபக்கார அன்னாள் என்றுதான் பெயர்.

கண்ணை மூடினேன். வாய் தானாகப் போக ஆரம்பித்தது. இப்போது கொஞ்ச நாளாக அப்படித்தான் போகிறது. மோட்டார் போட்டுவிட்டால் தண்ணீர் வருகிற மாதிரி. மனம் எங்கே இருந்தது என்று கேளும். சாளை மீனைக் கழுவி உப்பும் மஞ்சளும் போட்டு வைத்துவிட்டு வந்தேனே, அடுக்களை ஜன்னலைச் சாத்தினேனா, இல்லையா? அதில்தான் இருந்தது. இந்த மாதம் ஊரில் தொடர்ந்து சாவு. எல்லா வீட்டிலும் ஆறுதல் ஜெபம் நான்தான். வாய்க்கு அந்தத் தடம் பழகிப்போயிருக்கிறது. அதுபாட்டுக்கு அதே தடத்தில் போயிருக்கிறது.

"எங்கள் அன்புச் சகோதரனை உம்முடைய இளைப்பாறுதலுக்குள் சேர்த்துக்கொண்டீரே, உமக்கு ஸ்தோத்திரம். பிரிவினால் வாடுகிற எங்கள் லீதியாளின் கண்ணீரைத் துடையும். அவர் உட்கார்ந்த நாற்காலி வெறுமையாய்க் கிடக்கிற இந்த வீட்டை..."

சுற்றி இருந்த பெண்களும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். மைனி ஒரு விம்மல் விம்மினாரே, அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. ஒரு கண்ணைத் திறந்தேன். வெறுமையாய்க் கிடக்கிற நாற்காலியிலிருந்து அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டென்று "ஆமென்" என்று முடித்துவிட்டேன். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். பழக்கதோஷத்தில் அண்ணாச்சியும் "ஆமென்" என்றார்.

பியூலா அக்கா ஒரு பாட்டை எடுத்துவிட்டுச் சமாளித்தார். மைனி காப்பி கொண்டுவந்தார். யாரும் தொடவில்லை. நான் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் முழு டம்ளரையும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஜன்னல் திறந்துதான் கிடந்தது. சாளை முழுவதையும் பூனை தின்றிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து, ஒரு ஆளை நினைத்து ஜெபித்து, கோயில் காணிக்கை டின்னில் போட வேண்டும் அல்லவா? இந்த வாரமும் அப்படிப் போடவில்லை. நாளைக்கு டின்னைக் கொண்டுபோக வேண்டுமே என்று சாயங்காலம் மொத்தமாக அள்ளிக் கொட்டினேன். போன வாரமும் அப்படித்தான்.

மார்ச் 1, ஞாயிறு

இன்றைக்கு முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. பெண்கள் பக்கம் நான் போனதும் ஒதுங்கி இடம் விட்டார்கள். அது வேறு மாதிரி ஒதுங்கல். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பியூலா அக்கா என் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏளா, நேத்து பூரா எனக்கு அதே நெனப்புதான். நீயா பேசுன? நீ பேசல. ஆண்டவரு ஒன் வாயில வச்சுப் பேசிட்டாரு."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா..."

"ஒனக்குத் தெரியாதுளா. எல்லா தீர்க்கதரிசிக்கும் மொதல்ல அப்படித்தான் இருக்கும். பேரே அன்னாளு, வேதத்துல உள்ள தீர்க்கதரிசி பேரு, சும்மாவா? பாவம், லீதியாள நாமதான் மனசளவுல தயார் பண்ணணும்."

நான் 'இல்லக்கா' என்றுதான் சொன்னேன். ஆனால் ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல வாய் வரவில்லை. மீனை நினைத்துக்கொண்டு ஜெபித்தேன் என்பதைவிட, நீர் பேசினீர் என்பது கேட்க நன்றாக இருந்தது ஆண்டவரே. ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது. அப்புறம் இல்லை.

மத்தியானம் கறி வைத்தேன். ஷெர்லின் நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கு உப்பு தெரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

தலைவலி. மீன்காரி வந்தாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 4, புதன்

லீதியாள் மைனி வந்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். கண் வீங்கியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஒங்க அண்ணாச்சி ஆப்பரேசனுக்கு வரமாட்டேங்காவ அன்னாளு."

"ஏன் மைனி?"

"ஏன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்? 'ஆண்டவரே அன்னாள்ட்ட சொல்லிட்டாரு, பெறகு நெஞ்ச எதுக்குப் பொளக்கணும்'ங்காவ. 'நா காலம்பூரா எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சேன், எனக்கு அவ கிழிச்சிட்டா'ன்னு சிரிக்காவ. சிரிச்சிட்டு அந்தால செவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாவ. கஞ்சி கூட எறங்கல."

"டாக்டரு என்ன சொல்லுதாரு?"

"பன்னெண்டாந்தேதிய விட்டா அப்புறம் தாங்காதுங்காரு. மகன் சென்னையில இருந்து போன்ல கத்துதான். இவிய காதுலயே வாங்கல. 'ஆமென் போட்டாச்சு, மேல அனுப்பியாச்சு, இனி என்ன பேச்சு'ங்காவ. நானும் ஆமென் சொன்னேம்லா அன்னாளு. எம்புருசன் செத்துட்டாருன்னதுக்கு நானும் ஆமென் சொன்னேம்லா!"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மைனி, அது ஆண்டவர் இல்லை, சாளை மீன் என்று. துடைப்பம் கையில் இருந்தது. தொண்டைவரை வந்தது. என்ன சொன்னேன் தெரியுமா? "நா ஜெபம் பண்ணுதேன் மைனி" என்றேன். மைனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பண்ணிட்டாலும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி ஜெபமாவது பண்ணினேனா? முழங்கால் போட்டேன். 'அன்பின் பரம தகப்பனே' வந்தது. 'இந்த நல்ல வேளைக்காக' வந்தது. எல்லாம் வரிசையாக வந்தது. ஆள் இல்லாத வீட்டில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எழுந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

கீழத்தெருவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு நர்ஸ் வேலை வெளிநாட்டில் கிடைக்குமா என்று ஆண்டவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். ஒரு சீப்பு ரஸ்தாளி கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு அப்படியெல்லாம் தெரியாது என்று சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்து இன்னும் கும்பிட்டார்கள். கடைசியில் அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தேன். என் கை சுட்டது மாதிரி இருந்தது.

அவர்கள் போன பிறகு ஷெர்லின் பழத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அத்த, கிளினிக் தொறந்தாச்சா?" என்றாள்.

"வாய மூடுட்டி."

"நா மூடிருதேன். நீ எப்பத் தொறக்கப் போற?"

பால்குடி மறந்ததும் இவளை என் தம்பி பம்பாயிலிருந்து கொண்டுவந்து என்னிடம் விட்டான். கல்யாணம் கட்டாத எனக்கு இவள்தான் எல்லாம். எதையும் இவளிடம் மறைக்க முடியாது. அன்று பூனை தின்ற கதையை இவளிடம்தான் சொன்னேன். மீனை நினைத்துத்தான் அப்படி உளறினேன் என்பது இந்த ஊரில் இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பழம் தின்றேன். தின்றிருக்கக் கூடாது. நல்ல ருசியாக வேறு இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

இன்று பியூலா அக்கா வீட்டில் கூட்டம். ஜெபிக்கச் சொன்னபோது தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். "ஆண்டவரு பேச்ச அடக்கி வச்சிருக்காரு போல" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். இனி நான் தும்மினாலும் அதற்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள்.

வருகிற வழியில் அண்ணாச்சி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பனியனுக்குள் முதுகெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. இவரா அந்த மனிதர்? பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற கிழவிகளை எல்லாம் 'மகாராணி, உள்ள போங்க' என்று சிரிக்கவைத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை டிப்போ தாண்டி வாசலிலேயே இறக்கிவிடுவார். அவரை நான்தான் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

நின்றேன். அப்புறம் நடந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஷெர்லின் கேட்டாள். "அத்த, ஒனக்கு எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"எப்படி?"

"ஜெபம் பண்ணும்போது கடியாரத்தப் பாக்க. முன்னெல்லாம் அழுவ, சிரிப்ப, ஆண்டவர்ட்ட சண்ட போடுவ. இப்ப ரேடியோ கணக்கா இருக்கு. எனக்கு மாப்ள அமைஞ்சதுன்னு கோயில்ல சாட்சி சொன்னேல்லா, அதுக்குப் பெறகுதான்னு நெனைக்கேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்? நா கேட்ட ஜெபத்த ஆண்டவரு குடுத்தாரு. எனக்குச் சந்தோஷம்தான்."

"சந்தோஷம்தான்னு நீ சொல்லுறப்பல்லாம் ஒரு 'தான்' வருது" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் புத்தி. எல்லாவற்றிலும் சிவப்பு மை.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கால் வலி என்று ஷெர்லினிடம் சொல்லி அனுப்பினேன். காலுக்கு ஒன்றும் இல்லை.

மணி அடித்தபோது வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருப்பது போல இருந்தது. ஆதாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி. நான் அலமாரிக்குப் பின்னால். நீர் கூப்பிடுகிற சத்தம் கேட்குமோ என்று பார்த்தேன். குக்கர் விசில்தான் கேட்டது.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் உலையில் அரிசி போடப் போனேன். கை தானாக ஒரு பிடி எடுத்தது. டின்னில் போடுவதற்கு முன்னால் யாரை நினைக்க என்று ஒரு நிமிடம் நின்றேன். பாக்கியநாதன் அண்ணாச்சியின் முதுகுதான் கண்ணுக்கு வந்தது. வேறு ஜெபம் ஒன்றும் வரவில்லை. அரிசியை மடக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அப்புறம் அடுப்பைக்கூடத் துடைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

போன நேரம் பியூலா அக்காவும் இன்னும் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். மைனியை மனசளவில் தயார் பண்ண வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காப்பி வந்துவிடும், அப்புறம் பேச முடியாது. நேராகக் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி."

"வாம்மா அன்னாளு. என்ன, பஸ் வந்துட்டா?"

"அண்ணாச்சி, அன்னைக்கு நா ஜெபிச்சது ஆண்டவரு சொன்னது இல்ல."

"பின்ன?"

"சாள மீனு."

அவர் சுவரிலிருந்து திரும்பினார். "என்னது?"

"சாள மீனக் கழுவி வச்சிட்டு சன்னலச் சாத்தாம வந்துட்டேன். ஜெபம் பண்ணுறப்ப பூரா அதத்தான் நெனைச்சேன். ஒங்கள நெனைக்கவே இல்ல அண்ணாச்சி. சாவு வீட்டுல ஜெபிச்சு ஜெபிச்சு வாயி அதையே சொல்லிட்டு. நீங்க முன்னால இருந்ததுகூட எனக்கு ஞாபகம் இல்ல."

பியூலா அக்கா பின்னாலிருந்து, "ஏளா, தாழ்மையா பேசுறேன்னு ஆண்டவரு செயல மறைக்காத" என்றார்.

அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. திரும்பி நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன். "மறைக்கதுக்கு என்னக்கா இருக்கு? அங்க ஒண்ணுமே இல்ல. மாசக்கணக்கா நா ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் யாரும் இருக்காப்ல எனக்குத் தெரியல. சும்மா சொல்லுதேன். ஒங்க வீட்டுலயும் சும்மாதான் சொன்னேன். ஒங்க மக பிரசவத்துக்கும் சும்மாதான் சொன்னேன். நல்லா சொல்லுதேன்னு நீங்க கூப்பிடுதிய, நல்லா சொல்லணுமேன்னு நா சொல்லுதேன்."

அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்து மூடிக்கொண்டார். மைனி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றார்.

அண்ணாச்சி கேட்டார். "கொழம்புக்கா, பொரிக்கவா?"

"கொழம்புக்குத்தான்."

"நல்லா இருந்துச்சா?"

"பூன தின்னுட்டு அண்ணாச்சி."

அவர் சிரித்தார். முதலில் சிரிப்புத்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மைனி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். குடித்தார். குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் எறிந்தார். நான் இதுவரை அவர் கோபப்பட்டுப் பார்த்ததில்லை.

"ஒரு வாரமா நா சாவக் கெடக்கேன்! இன்னைக்கா நாளைக்கான்னு நெஞ்சுல கைய வச்சுப் படுத்திருக்கேன். பேரப்பிள்ள மொகத்த மனசுல பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஒன் சாளைக்காவயா? வெளிய போ. போம்மா மொதல்ல!"

போனேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் நினைத்தேன்.

தெருமுனை வரை பியூலா அக்கா பின்னாலேயே வந்தார். "சங்கத்துல இனிமே வேற யாராவது ஜெபிக்கட்டும் அன்னாளு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார். சரி என்றேன். போதகர் மனைவி ஐயரம்மாவிடமும் சொல்லிவிடுவார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்தேன். இடது கையைத் திறந்து பார்த்தால் அந்தப் பிடி அரிசி அப்படியே இருக்கிறது. வியர்வையில் ஒட்டிப்போய். அந்தக் கையோடேயா இவ்வளவும் பேசியிருக்கிறேன்? கழுவிப் போடலாமா என்று யோசித்தேன். அப்படியே டின்னில் போட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் பால் வாங்கப் போனபோது கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். பால்காரர் மட்டும், "அக்கா, பூனைய அடைச்சிட்டு வந்தியளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காது வரை சூடு ஏறியது. ஆனால் அன்றைக்கு வேப்பமரத்தடியில் இருந்ததைவிட மூச்சு விட எளிதாக இருந்தது. இதை உம்மிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

மத்தியானம் மைனி வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்தார். உட்கார்ந்தார்.

"நாளைக்கு வெள்ளென கெளம்புறோம். காரு சொல்லியாச்சு."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ராத்திரி பூரா ஒறங்கல. ஒன்ன ஏசிக்கிட்டே கெடந்தாவ. விடியக் காலத்துல எந்திரிச்சு உக்காந்து, 'லீதியா, கஞ்சி வை. பூன தின்ன மீனுக்காவ நா சாவ முடியாது'ன்னாவ."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் மைனி அழுதார். நானும்.

"நீ காருப் பக்கத்துல வந்து நிக்கணுமாம். பழைய ஜெபம் ஒண்ணும் வேண்டாமாம். புதுசா இருந்தா பண்ணணுமாம். இல்லன்னா வாய மூடிக்கிட்டுச் சும்மா நிக்கணுமாம்."

"கோவம் போச்சா மைனி?"

"எங்க போச்சு? எனக்கே போகல" என்றார். போகும்போது ரஸ்தாளிப் பழம் இரண்டு கொடுத்துவிட்டேன். கறுத்துப் போயிருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 11, புதன்

விடிகிற நேரத்தில் போனேன். கூட ஷெர்லினும் வந்தாள். காரில் அண்ணாச்சி முன்சீட்டில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். சென்னை மகன் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவானாம். தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். பியூலா அக்காவும் நின்றார், கொஞ்சம் தள்ளி.

அண்ணாச்சி கண்ணாடியை இறக்கினார். "என்ன, புதுசா ஏதாச்சும் ஸ்டாக் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். உண்மையாகவே இல்லை. 'அன்பின் பரம தகப்பனே' கூட வரவில்லை. வழக்கமாக வரிசையில் நிற்கிற வார்த்தை எல்லாம் எங்கே போனதோ. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், மடியில் இருந்த அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாய்வு நாற்காலியில் இருந்தபோதும் இந்த விரல்கள் நடுங்கியிருக்கும். நான் கண்ணை மூடியிருந்தேன்.

கண்ணை மூடாமலே சொன்னேன். "ஆண்டவரே, அண்ணாச்சிக்குப் பயமா இருக்கு. வெளிய சிரிக்காவ, கையி நடுங்குது. எனக்கும் பயமா இருக்கு. எல்லாரும் எங்கிட்ட இருந்து போயிருதாவ. ஷெர்லினும் போறா. நாந்தான் அவளுக்கு மாப்ள கேட்டேன், நீரும் குடுத்துட்டீரு, அதுல இருந்து ஒம்ம மேல எனக்குக் கோவம். அத வெளிய சொல்லாம ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது எம்பாடு, அத நாம பெறகு பேசிக்கிடுவோம். இவியளத் திருப்பிக் கொண்டு வந்து விட்டுரும். எங்களுக்கு இவிய வேணும்..."

அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. ஷெர்லின் பின்னாலிருந்து என் முதுகில் முகத்தை வைத்தாள். என் ரவிக்கை நனைந்தது. அண்ணாச்சி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "போலாம், ரைட்!" என்று டிரைவரைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். அவர் பஸ்ஸில் கொடுக்கிற அதே சத்தம். கார் போய்விட்டது.

ஆண்டவரே, ஷெர்லினைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. ஊர் முன்னால் ஏன் வந்தது? வெட்கமாக இருக்கிறது. திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி. வாசலில் வந்ததும், "ஆண்டவர்ட்ட இப்பதான் சண்ட போடுத. நல்லா இரு" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

காலையில் எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள் என்று மைனி போன் பண்ணினார். மத்தியானம் முடிந்துவிட்டதாம். நல்லபடியாகத்தான் முடிந்தது என்கிறார்கள், ஆனால் இன்னும் கண் விழிக்கவில்லை. விழித்தால்தான் சொல்ல முடியும் என்கிறாராம் டாக்டர். போனை டைரி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஷெர்லின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். தேங்காய் திருவுகிறாள். இன்று மீன்காரியிடம் சாளை வாங்கினேன். ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோகாததால், பியூலா அக்கா சாயங்காலம் கோயில் டின்னை வாங்க வந்தார். உள்ளே வரவில்லை. டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னளா, இந்த வாரம் கொறச்சலா இருக்கு" என்றார். ஆமாக்கா, பிடி பிடியாகப் போட்டேன் என்றேன். அவர் டின் மூடியை அழுத்தி மூடினார். "எனக்கும்தாம்ளா... செல நாளு அப்படித்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றிலிருந்து எனக்கு ஒன்று நடக்கிறது ஆண்டவரே. என்னவென்று தெரியவில்லை. வாசல் பெருக்கும்போது உம்மிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சி கைக்கு இப்போது நடுக்கம் நின்றிருக்குமா என்று கேட்கிறேன். மஸ்கட்டில் ஷெர்லினுக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்று கேட்கிறேன். துணி துவைக்கும்போது உம்மை ஒரு தடவை ஏசவும் செய்தேன், மன்னித்துக்கொள்ளும். குடத்தை வைத்துவிட்டு, எங்கே விட்டேன் என்று யோசித்து, அங்கிருந்தே திரும்பவும் தொடங்குகிறேன். முழங்கால் போடவில்லை. முக்காடு போடவில்லை. பேச்சு நிற்கவே மாட்டேன் என்கிறது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. பதில் ஒன்றும் வரவில்லை, ஆனால் ஆள் இருக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து இது ஏன் இப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று இப்போது எழுதும்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

கார்ப் பக்கத்தில் நின்று ஜெபித்தேனே, அழுகை வந்து நடுவில் நின்றுபோனது. அதற்கு ஆமென் சொல்லவே இல்லை.